கயிற்றுக்கு இரண்டு பேர்

என் மகள் ஷைனி முதல் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, வேல செஞ்சது ஃபெலிக்ஸ் மாமாதானே? அப்புறம் ஏன் அவரு உங்களுக்கு தேங்க்ஸ் சொல்றாரு?"

அன்று சம்பள நாள். இப்போதெல்லாம் சம்பளம் நேராக வங்கிக்குப் போய்விடுகிறது. இருந்தாலும் சம்பளச் சீட்டை ஒவ்வொருவருக்கும் என் கையால்தான் கொடுப்பேன். மந்தாரக்குப்பத்தில் என் அலுவலகத்தின் முன்னறையில் டீயும் முறுக்கும் வைத்திருப்பேன். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஃபெலிக்ஸும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான். ஒரு முறுக்கை உடைத்து ஷைனியின் கையில் கொடுத்தேன். குழந்தைதானே, வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். பெரியவர்களையும் அப்படி அனுப்பிவிடலாம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் குரலை உயர்த்தாமல் கேட்கிறீர்கள். அதனால் நானும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஃபெலிக்ஸ் இறந்த அன்று கயிறு யார் கையில் இருந்தது என்று இந்த ஒன்றரை வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நீங்கள்தான் முதல் ஆள். அந்த வழக்கில் இருக்கிற மாடசாமியின் மனைவி விஜயகுமாரி வந்து ஏதோ சொல்லியிருக்கிறாள், அதனால் கேட்கிறீர்கள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன்.

என் தொழிலை முதலில் சொல்ல வேண்டும். நான் ஆள் அனுப்புகிற ஏஜென்சி வைத்திருக்கிறேன். இங்கே அனல்மின் நிலையத்தில் பராமரிப்பு வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிற ஒரு சென்னைக் கம்பெனி இருக்கிறது. அவர்களுக்கு ஃபிட்டர், வெல்டர், ஹெல்பர் என்று என் ஆட்கள் போவார்கள். ஓர் ஆளின் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று அந்தக் கம்பெனி எனக்குக் கொடுக்கும். நான் அந்த ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது எனக்கு.

அது எவ்வளவு என்று ஆட்கள் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் பதில் தெரிந்த பிறகு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அந்த நடுவில்தான் வருகிறது. சென்னையிலிருந்து பில் பாஸாகாமல் இழுத்தடிக்கும் மாதங்களில் நான் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட்டிருக்கிறேன். அதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாது. தொகை மட்டும்தான் தெரியும். அதன் பிறகு நான் கொடுக்கிற டீ அவர்கள் வாயில் இறங்காது. வீட்டில் சோறு போடுகிறவள் ஒவ்வொரு பிடிக்கும் விலை சொன்னால் எப்படி இருக்கும்? ஆள் அனுப்புகிற தொழில் நம்பிக்கையில் ஓடுகிறது. சின்னச் சின்ன நல்லதைச் செய்துதான் அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற முடியும்.

நான் செய்தேன். கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் வேட்டி, புடவை. மாட்டுப் பொங்கலுக்கு இந்துக் குடும்பங்களுக்குத் தனியாக. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்தால் சுளை எடுத்து வீடுவீடாக அனுப்புவேன். எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவையில் இருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் என் ஆட்களின் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சின்னக் கைகளின் சூடு எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஃபெலிக்ஸ் முத்தாண்டிக்குப்பத்துக்காரன். நல்ல ஃபிட்டர். குடிக்க மாட்டான், லீவு போட மாட்டான். அவன் மனைவி மெர்லின் எங்கள் கோயில் பாடற்குழுவில் பாடுவாள். ஒருநாள் சீட்டை வாங்கியவன் போகாமல் நின்றான்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும்னு நெனச்சிக்கினே இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளு தம்பி."

"என் பேருக்கு கம்பெனி உங்களுக்கு எவ்ளோ குடுக்குது?"

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. நான் சிரித்தேன். "எதுக்கு தம்பி, ஏஜென்சி ஆரம்பிக்கப் போறியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு, "சும்மாத்தாண்ணே, தெரிஞ்சுக்கலாம்னு," என்றான்.

நீங்கள் எழுதிக்கொள்வதானால் இதை எழுதிக்கொள்ளுங்கள்: அந்த நிமிடத்திலிருந்து எனக்குப் பயம். கோபம் வரவில்லை. வெறும் பயம். கோயிலில் திருப்பலி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் என் ஆட்கள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

கேட் எதிரே டீக்கடையில் அவர்கள் பேசிக்கொண்டதை ஒருமுறை நானே கேட்டேன். பைக்கை நிறுத்திவிட்டுக் கடைக்குப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தேன். பெரியண்ணன் என்ற ஹெல்பர்தான் ஃபெலிக்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், பொண்ணு குடுத்தவன் வூட்டுல விருந்து தின்னுட்டு அரிசி என்னா வெலன்னு கேக்குறவன்டா நீ. அண்ணன் மனசு நோவாதா?"

"நோவட்டும்டா. கறிக்கடைல ஆடு தொங்குது. கிலோ எவ்ளோன்னு வர்றவன் போறவன் எல்லாம் கேக்குறான். என்ன எவ்ளோன்னு வித்தாங்கன்னு எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?"

"தெரிஞ்சு என்னா பண்ணப் போற? தொங்கறதுதான தொங்கப் போற."

"தெரிஞ்சிக்கினு தொங்குவேன்."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் டீ குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

தொகைக்காக மட்டும் நான் இவ்வளவு பயந்தேன் என்று நீங்கள் நம்ப மாட்டீர்கள். சரிதான். இன்னொன்றும் இருந்தது.

பங்கர் என்று ஒன்று உண்டு. பாய்லருக்கு மேலே நிற்கும் பெரிய இரும்புக் குதிர். பெல்ட்டில் வரும் பழுப்பு நிலக்கரி அதில் விழுந்து, கீழ்வாய் வழியாகப் பாய்லருக்குப் போகும். மழைக்காலத்தில் நனைந்த கரி உள்ளே சுவரோடு அப்பிக்கொள்ளும். மேலே பார்த்தால் கெட்டித் தரை போல இருக்கும். அடியில் ஒன்றும் இருக்காது. அப்போது ஓர் ஆள் சேஃப்டி பெல்ட் மாட்டி, கயிற்றில் இறங்கி, கம்பியால் குத்திவிட வேண்டும். கரி சரியும்போது கயிறு அவனைத் தாங்கும். கயிற்றின் முனையை மேல்தளத்து இரும்புத் தூணில் கட்டியிருப்பார்கள். அது போதாது என்று இரண்டு பேர் அதைக் கையில் பிடித்து இறுக்கமாக வைத்திருக்க வேண்டும். ஒருவன் அசந்தால் இன்னொருவன். கயிற்றுக்கு இரண்டு பேர் என்றுதான் கம்பெனி எனக்குப் பணம் கொடுத்தது.

நான் ஒருவரை அனுப்பினேன்.

மூன்று மழைக்காலமாக அப்படித்தான். இரண்டாவது ஆளை நான் தின்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கிறிஸ்துமஸ் வேட்டியும் புடவையும் பலாச்சுளையும் அந்த இரண்டாவது ஆளிடமிருந்துதான் வந்தன. இல்லாத ஒருவனின் கூலி இருக்கிற எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. ஜெபத்தில்கூட அதை ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

ஆனால் ஃபெலிக்ஸ் தன் பெயருக்கு என்ன வருகிறது என்று கேட்டால், அடுத்து கயிற்றுக்கு என்ன வருகிறது என்று கேட்பான். அங்கே இரண்டு பேர் என்று பதில் வரும்.

அவனை வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். ஒருவனுடைய வயிற்றில் அடிப்பது பெரிய பாவம். அதை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. மாறாக அவனுக்குச் சம்பளம் கூட்டினேன். மழைக்காலம் தொடங்கியதும் பங்கர் வேலைக்கு மாற்றினேன். அதில் தினமும் தனிப்படி உண்டு. எல்லோரும் ஆசைப்படுகிற இடம். மெர்லின் கோயில் வாசலில் என்னைப் பார்த்து, "எங்களுக்கு நீங்கதாண்ணே எல்லாம்," என்றாள். இனி கேட்க மாட்டான் என்று நினைத்தேன்.

சம்பளம் கூடிய சீட்டை வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸுண்ணே. ஆனா அத சொல்லலியே நீங்க," என்றான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவனே வந்து சொன்னான். என்னிடம் எதையும் மறைக்க மாட்டான். "கம்பெனி இன்ஜினியர் அசோக்குமார் சாருகிட்ட கேட்டேண்ணே. ஆபீஸ்ல பாத்துட்டுத் திங்கக்கிழம சொல்றேன்னாரு. உங்களுக்குத் தெரியாம கேட்டேன்னு நாளைக்கு வந்துடக் கூடாது பாருங்க. அதான் சொல்லிக்கினு போலாம்னு வந்தேன்."

"நல்லது தம்பி," என்றேன். அவன் தோளைத் தட்டி அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. ஃபெலிக்ஸ் பங்கருக்குள். கயிற்றைப் பிடித்தவர் மாடசாமி. தென்காசிப் பக்கத்துக்காரர். அண்ணனுக்கு இங்கே பெர்மனென்ட் வேலை கிடைத்தபோது கூடவே வந்து, கடைசிவரை காண்ட்ராக்டிலேயே இருந்துவிட்டவர். சர்க்கரை நோயாளி. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். அதற்காகவே நான் தினமும் காலையில் இட்லியும் பிளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போவேன். அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன். மழையால் தாமதம் என்றுதான் அன்று நினைத்திருந்தேன். இப்போது உங்கள் முன்னால் சொல்லும்போது, நான் கேட் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு வெறுமனே நின்றுகொண்டிருந்தது ஞாபகம் வருகிறது.

மாடசாமிக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை.

"கண்ண இருட்டிக்கிட்டு வருது அண்ணாச்சி. ஆனா கயித்த விட்டுட்டு எப்படி வர?"

"என்கிட்ட குடுங்க. நான் புடிச்சுக்கிறேன். கீழ ரூம்ல உக்காந்து நிதானமா சாப்பிடுங்க."

"உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"ஒரு கை கயிறுதானே."

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "செத்த நேரத்துல வந்துருதேன்," என்று இட்லிப் பொட்டலத்தோடு இறங்கிப் போனார்.

உள்ளே தொங்கவிட்ட விளக்கு வெளிச்சத்தில் ஃபெலிக்ஸ் நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் கரி. பல் மட்டும் தெரிந்தது.

"யாரு, அண்ணனா? நீங்களே புடிக்கிறீங்களா? இதுக்குக் கமிஷன் உண்டாண்ணே?"

நானும் சிரித்தேன். பிறகு அவன் கம்பியை ஊன்றிக்கொண்டு சொன்னான்: "கோவிச்சுக்காதீங்கண்ணே. எனக்குத் தெரிஞ்சா போதும். வேற ஒன்னும் கேக்க மாட்டேன். சத்தியமா." அவன் குரலில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று எனக்குப் படுகிறது. கோபக்காரனை எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

கரி சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. நனைந்த கரி சத்தம் போடாது. கயிறு அவனோடு போனது.

நான் கத்தினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் மாடசாமி. வாயில் இட்லி இருந்தது, விழுங்கவில்லை.

அவரே சொன்னார், நான் சொல்லவில்லை. அவனை வெளியே எடுப்பதற்குள்ளேயே என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். "நீங்க இங்க வரவே இல்ல அண்ணாச்சி. கயிறு என் கையிலதான் இருந்துச்சு. கை நடுங்கி விட்டுட்டேன். நான் கட்டுன முடிச்சும் சரியில்ல போல. எனக்குச் சோறு குடுக்க வந்த உங்கள மாட்டிவிடச் சொல்லுதியளா? உங்க பேரு கெட்டா எத்தன வீட்டுல அடுப்பு அணையும்?"

நான் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். அவர் கேட்கவில்லை. விசாரணையில் என்னிடம் முடிச்சைப் போட்டது யார் என்று கேட்டார்கள். மாடசாமி என்றேன். அது உண்மை. காலையில் அவர்தான் போட்டார். அன்று இரண்டாவது ஆள் ஏன் இல்லை என்று கேட்டார்கள். மழையில் வரவில்லை என்றேன். அதுவும் ஒரு வகையில் சரி. அவன் எந்த மழைக்கும் வந்ததில்லை.

மாடசாமி மேல் வழக்கு இருக்கிறது. கேட் பாஸ் போய்விட்டது. வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள். மாதம் தவறாமல் அவர் மாத்திரையை நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். போன மாதம், "தூங்க முடியல அண்ணாச்சி, ஒரு புள்ளையக் கொன்னுட்டேன்," என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த விஜயகுமாரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் அவரிடமிருந்து விஷயத்தைப் பிடுங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மெர்லினுக்கு இழப்பீடு வாங்கித் தர நான்தான் அலைந்தேன். இப்போது அவள் என் அலுவலகத்திலேயே வேலை செய்கிறாள். சம்பள நாளில் டீ போடுவது அவள்தான். நல்ல பெண். இதுவரை எதுவும் கேட்டதில்லை.

முடிச்சுப் போட்ட கயிறு எப்படி அவனோடு போனது என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

கமிஷன் உண்டா என்று அவன் கேட்ட பிறகு, சத்தியமா என்று சொன்ன பிறகு, நான் தூண் பக்கம் திரும்பினேன். மாடசாமியின் முடிச்சு நல்ல முடிச்சு. ஈரத்தில் இறுகியிருந்தது. அவிழ்க்க நகம் கிழிந்தது. அவிழ்க்கும்போது அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவிழ்த்த முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன். அவனுடைய ஒவ்வொரு அசைவும் என் மணிக்கட்டில் தெரிந்தது. ஓரமாக நின்று குத்திக்கொண்டிருந்தான். ஓரம் கெட்டி.

"இன்னும் கொஞ்சம் நடுவுல வா தம்பி," என்றேன். "அங்கதான் அடச்சிருக்கு."

"சரிண்ணே," என்று நகர்ந்து வந்தான்.

அவன் நகர்ந்ததும் கையில் சுற்றியிருந்ததைப் பிரித்துவிட்டேன். கரி சரிந்தபோது கயிறு என் உள்ளங்கையில் இழுத்தது. நான் கையைத் திறந்தேன். அவ்வளவுதான். ஃபெலிக்ஸைக் கொன்றது நான். மாடசாமி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் பயம் அன்றைக்கே போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. திங்கட்கிழமை வந்தது. அசோக்குமார் சார் சாவுக்கு மாலையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவன் இல்லாதபோது யாரிடம் சொல்வார்? ஆனால் அவர் என் கையை விடும்வரைக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் சம்பள நாளில் யாராவது சீட்டை வாங்கிக்கொண்டு கொஞ்சம் நின்றால், என்ன கேட்கப் போகிறானோ என்று இருக்கிறது. பயந்த மனிதனைக் கடவுள் கைவிட மாட்டார் என்று நம்புகிறேன்.

உங்கள் அழைப்பு வந்ததும் நான் நேராக இங்கே வரவில்லை. முத்தாண்டிக்குப்பம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உச்சி வெயில். வெட்டியான்கூட இல்லை. சுற்றிலும் முந்திரி மரம் அசையாமல் நின்றது. நான் வாழ்க்கையில் யாருக்கும் எதையும் பாக்கி வைத்ததில்லை, அவன் ஒருவனுக்குத்தான். சிலுவைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மண்ணோடு வாயை வைத்து, அவன் கேட்டதைச் சொன்னேன். அவனுடைய ஒரு நாளுக்குக் கம்பெனி எனக்கு என்ன கொடுத்தது, நான் என்ன எடுத்துக்கொண்டேன், எல்லாவற்றையும் தொகையோடு சொன்னேன். யாரும் பார்க்கவில்லை. எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. கடன் தீர்ந்தது.

முழுத் தொகையைச் சொல்லவில்லை. சற்றுக் குறைத்துத்தான் சொன்னேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவன் மனசு கஷ்டப்பட்டிருக்கும்.